முகத்துக்குத் தண்ணீரே ஆகாவிட்டால்...



கழுத்துக் கருமையைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகப் போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த முறைக்கு இருக்கட்டும். நடுவில் ஒரு கடிதம் வந்துவிட்டது. படித்த பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

எழுதியிருப்பவர் கோயம்புத்தூர்ப் பெண். கல்யாணமாகி 8 மாதம் ஆகிறதாம். வாழ்க்கைப்பட்டது சென்னையில், திருவான்மியூருக்கும் அப்பால், கடற்காற்று வீட்டுக்குள் வந்து போகிற இடத்தில். பிறந்ததிலிருந்து சிறுவாணித் தண்ணீரில் கழுவிய முகம். இப்போது போர் தண்ணீர். அவர் எழுதியதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"அக்கா, முகம் கழுவிட்டு வந்தா காஞ்ச அப்பளம் மாதிரி இழுக்குது. மூக்கோரம், வாயோரமெல்லாம் செதில் செதிலா உதிருது. கன்னம் சிவந்து எரியுது. அம்மா வீட்டுக்குப் போனா ஒரே வாரத்துல சரியாயிடுது. 'பிறந்த வீட்டுக்குப் போக இது ஒரு சாக்கா?'ன்னு அத்தை கேக்கறாங்க. தண்ணி ஒத்துக்கலைன்னு சொன்னா, 'நாங்க எல்லாரும் 30 வருஷமா இந்தத் தண்ணியிலதானே குளிக்கிறோம்'ங்கறாங்க. நெஜமாவே தண்ணிதானா? இல்ல, எனக்குத்தான் ஏதாவது வியாதியா?"

கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாரென்று மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டாராம். பத்து நாள் முகம் பளபளவென்று இருந்ததாம். நிறுத்தினால் முன்னைவிட மோசமாம், ஆகவே மறுபடி போடுகிறாராம். இந்த ஒரு வரிதான் என்னைப் பதற வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தண்ணீர்.

தங்கச்சி, நீ சொல்வதும் சரி, உன் மாமியார் சொல்வதும் சரி. ஒரே தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒருவருக்குக் கத்திரிக்காய் அரிக்கிறது, இன்னொருவர் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுகிறார், அந்த மாதிரிதான்.

போர் தண்ணீரில் என்ன இருக்கிறது? சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், கடலோரமானால் சாதாரண உப்பும் கூட. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் தண்ணீர் மெல்ல உள்ளே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த வகையைத்தான் பள்ளிக்கூடத்தில் கடின நீர் என்று படித்தோம். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பித்தளைச் சொம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குடிதண்ணீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. சிறுவாணி மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரில் இந்தச் சமாசாரமெல்லாம் மிகக் குறைவு. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் அந்தத் தண்ணீரின் பெருமையைப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசட்டும், தப்பில்லை.

இனிதான் முக்கியமான சங்கதி. சுண்ணாம்புத் தண்ணீர் தனியாக முகத்தில் பட்டால் பெரும்பாலோருக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அதோடு சோப்புச் சேரும்போதுதான் வம்பு. சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். குளியலறை பக்கெட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளை வளையம் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் அடம் பிடிக்குமே, அதுவேதான். பக்கெட்டில் படிவது முகத்தில் படியாதா? படியும். எவ்வளவு அலம்பினாலும் ஒரு மெல்லிய படலம் நின்றுவிடும். "இன்னும் சுத்தமாகலையே" என்று நாம் இன்னொரு தடவை சோப்புப் போடுவோம்.

நம் தோலின் மேற்பரப்பு இயற்கையிலேயே லேசான புளிப்புத் தன்மை உள்ளது. அமில-காரக் கணக்கில் சொன்னால் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று காரப் பக்கம். தோல் தன்னைத்தானே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், ஆனால் அதற்குச் சில மணி நேரம் அவகாசம் வேண்டும். நாளைக்கு நாலு தடவை கழுவுகிறவள் முகத்துக்கு அந்த அவகாசம் எப்போது கிடைக்கும்? எண்ணெய்ப் பசை போய், தோலின் செல்களை ஒட்டவைத்திருக்கிற கொழுப்பும் கரைந்து, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறுகிறது. அதைத்தான் நீ "இழுக்குது" என்கிறாய்.

2018-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். கடின நீரில் கழுவினால் நுரைக்கும் பொருள் தோலில் அதிகமாகத் தங்கிவிடுகிறது, அதனால் எரிச்சல் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். பிறவியிலேயே தோலின் காப்புச் சுவர் கொஞ்சம் பலவீனமாக அமைந்தவர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் அதிகம். அத்தைக்கு ஒன்றும் ஆகாமல் மருமகளுக்கு மட்டும் ஏன் சிவக்கிறது என்பதற்கு இது ஒரு பதில். சாக்கு இல்லை அம்மா, மாமியார்மார்களே!

அதற்காக உடனே ஆயிரக்கணக்கில் செலவழித்து வீட்டுக்கு ஒரு யந்திரம் வாங்கிப் பொருத்தச் சொல்லாதீர்கள். அதே இங்கிலாந்தில், தோல் அழற்சி உள்ள 336 குழந்தைகளின் வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மட்டும் தண்ணீரை மென்மையாக்கும் யந்திரத்தை 12 வாரம் பொருத்திப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. யந்திரம் வைத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தனியாகக் குறிப்பிடும்படி குணம் ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட வியாதியைத் தண்ணீரை மட்டும் மாற்றிக் குணப்படுத்த முடியாது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். குழாய் முனையில் திருகி மாட்டுகிற சின்ன வடிகட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலானவை குளோரினையும் மண்ணையும்தான் பிடிக்கும். சுண்ணாம்பை அவை விட்டுவிடும்.

மெட்ரோ தண்ணீர் வருகிற வீட்டாருக்கு வேறு மாதிரி. அங்கே கடினத்தன்மை குறைவு, குளோரின் வாடை உண்டு. அதை ஒரு அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் வாய் கட்டி இரவு முழுக்க வைத்தால் குளோரினில் ஒரு பங்கு பறந்துவிடும். துணி கட்டாமல் வைக்காதீர்கள். டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும்.

போர் தண்ணீரைக் காய்ச்சினால் என்ன என்று கேட்பீர்கள். காய்ச்சலாம். ஒரு வகைச் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆறவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீரானால் காய்ச்சிப் பயனில்லை. உப்பு எங்கும் போகாது, கொதித்துச் சுண்டினால் இன்னும் கரிக்கும். படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கடினத்தை எடுக்காது. அதைவிட முக்கியம், ஆர்.ஓ. யந்திரத்திலிருந்து கழிவாக வருகிற தண்ணீரைச் சிக்கனமென்று முகத்துக்கு எடுக்காதீர்கள். பாத்திரம் ஊறவைக்க, தரை துடைக்க அது சரி. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான்.

மழைத் தண்ணீரைப் போல் மிருதுவானது எதுவும் இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அது நிலத்துக்குள் விடுவதற்கு. நமக்கு ஒரு குடம் போதும். முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு போகட்டும். பிறகு பெய்வதைத் திறந்த வெளியில் சுத்தமான பாத்திரம் வைத்து, மரத்தடியோ கூரை ஓரமோ இல்லாமல் பிடித்து, மூடி வைத்து நாலைந்து நாளுக்குள் செலவழித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கும். மற்ற மாதங்களில்? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஆகவே குடிக்க வாங்குகிற கேன்தான் கதி.

"குடிக்கிற தண்ணியில முகம் கழுவுறதா?" என்று வீட்டில் புருவத்தை உயர்த்துவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை லிட்டர். ஆக ஒரு லிட்டர். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலம்பும்போது அதைவிட அதிகம் போகிறது. கை, கால், குளியல், தலைக்கு ஊற்றுவது எல்லாம் போர் தண்ணீரிலேயே இருக்கட்டும். முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு.

அந்த ஒரு சொம்பை வைத்துக்கொண்டு எப்படிக் கழுவுவது? முதலில் கையைக் கழுவுங்கள், குழாயிலேயே. சோப்புக் கட்டியை முகத்துக்கு இனி வேண்டாம். "சோப்பு இல்லாதது" என்று சொல்லி விற்கும் கட்டிகளும், பால் போன்ற திரவங்களும் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது வேறு வகைச் சுத்திகரிப்புப் பொருள். சுண்ணாம்போடு சேர்ந்து பிசுக்காகாது, காரமும் குறைவு. வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ரோஜா, எலுமிச்சை, சந்தனம் என்று மணக்க மணக்க வாங்கி, அந்த வாசனைக்கே முகம் சிவந்தவர்களை எனக்குத் தெரியும்.

திரவமானால் சுண்டைக்காய் அளவு எடுத்து, தண்ணீர் படாத உலர்ந்த முகத்தில் விரல் நுனியால் வட்டமாகத் தடவுங்கள். அரை நிமிஷம் போதும். பஞ்சையோ, பழைய மல் துணியையோ நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றி எடுங்கள். பிறகு சொம்பிலிருந்து கையில் ஏந்தி நாலைந்து முறை அலம்புங்கள். "கழுவ வேண்டாம், துடைத்தாலே போதும்" என்று ஒரு வகைத் திரவம் பாட்டிலில் வருகிறது. பிரான்சிலிருந்து வந்த வழக்கம் அது. பாரீஸ் குழாயிலும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்! வசதிதான், ஆனால் மென்மையான தோல்காரர்கள் அதற்குப் பிறகும் கொஞ்சம் நல்ல தண்ணீரால் ஒற்றிவிடுவது உத்தமம். அழுக்கைப் பிடித்த பொருள் அழுக்கோடு முகத்திலேயே இருப்பானேன்?

இது ராத்திரிக்கு. காலையில் வெறும் தண்ணீர் போதும். நடுவில் வியர்த்தால் ஈரத் துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் குழாயில் வெந்நீராகவே வரும். சிவந்த முகத்துக்கு அதை அள்ளி அடிக்கவே கூடாது. மண்பானைத் தண்ணீர் சிலாக்கியம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம்.

துடைக்கப் புதுத் துவாலை வேண்டாம். தோய்த்துத் தோய்த்து நைந்த வேட்டித் துணியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். ஈரம் முழுவதும் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள், வாசனையில்லாத ஈரப்பசைக் கிரீமோ, ஒரு மிளகளவு வாஸலீனோ தடவிவிடுங்கள். கழுவுவதில் பாதிப் பலன் இந்த மூன்று நிமிஷத்தில்தான். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்றால், உடம்புக்குத் தாராளமாக. பரு வருகிற முகத்துக்கு வேண்டாம்.

பயத்தம் மாவு? எனக்கே பிடித்தமானது. சிறு வயதில் எங்கள் வீட்டில் சோப்பே முகத்துக்குக் கிடையாது. ஆனால் இன்றைக்கு மிஷினில் அரைத்துவரும் மாவு நறநறவென்று இருக்கிறது. எரிகிற முகத்தில் அதைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முகம் ஆறட்டும். பிறகு வேண்டுமானால் வஸ்திரகாயம் செய்து, வெறும் பயத்தம் மாவை மட்டும், நல்ல தண்ணீரில் கூழாகக் குழைத்து உபயோகியுங்கள். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு சேர்ப்பது தோல் ஒத்துழைத்தால் மட்டுமே. மஞ்சளே ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுத்துவிடும். சமையல் சோடா, பற்பசை இவற்றையெல்லாம் முகத்துக்கு யார் கண்டுபிடித்துச் சொல்கிறார்களோ, தெரியவில்லை.

சரி, தண்ணீர்தான் குற்றவாளி என்று எப்படி நிச்சயம் செய்வது? ஒரு பரீட்சை சொல்கிறேன், காசு பணம் வேண்டாம். 14 நாள். இரண்டு கன்னத்துக்கும் அதே மிருதுவான திரவம்தான். வலது கன்னத்தைக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியாலும், இடது கன்னத்தை நல்ல தண்ணீரில் நனைத்த வேறொரு துணியாலும் சுத்தம் செய்யுங்கள். மற்றபடி கிரீம், பவுடர் எல்லாம் ஒன்றே. இடது மட்டும் ஆறினால், தண்ணீர்தான். இரண்டும் ஆறினால், குற்றம் பழைய சோப்பு மேலே. கேன் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. இரண்டுமே ஆறவில்லையென்றால் விஷயம் வேறு. நெற்றிப் பொட்டின் பசை, குங்குமம், தலைச்சாயம், வேறு எதுவாகவும் இருக்கலாம். தோல் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, இந்தப் பரீட்சையை நீ இப்போது செய்யாதே. உனக்கு முதலில் அந்த ட்யூப்.

பத்து நாளில் முகத்தைப் பளபளப்பாக்கி, நிறுத்தியதும் எரிய வைக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இப்படி ஏதாவது ட்யூபின் மேல் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று கணவரை விட்டுப் படிக்கச் சொல். இவை நல்ல மருந்துகள்தாம், டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுத்தால். தானாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பரு கிளம்பி, பூனை மயிர் முளைத்து, போடாமல் ஒரு நாளும் இருக்க முடியாது என்ற நிலை வந்துவிடும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டின் 12 மருத்துவ மையங்களுக்கு முகத் தொந்தரவோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 433 பேர் இந்த ரகக் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பலருக்குச் சிநேகிதியோ, அக்கம்பக்கமோ, கடைக்காரரோ சொன்னதுதான். 2018-ல் அரசாங்கமும் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆகவே அதை இனிமேல் நீயாகப் போடாதே. நீயாகத் தைரியமாக ஒரேயடியாக நிறுத்திவிட்டு, எரிச்சல் பொறுக்காமல் மறுபடி தடவுவதும் வேண்டாம். இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ. ட்யூபையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டு. எத்தனை நாள் போட்டாய் என்பதைக் கூச்சப்படாமல் சொல். சென்னையில் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு, பணம் ஒரு தடையல்ல. அவர் எப்படிக் குறைத்து நிறுத்தச் சொல்கிறாரோ அப்படி நிறுத்து. நிறுத்திய முதல் சில வாரம் முகம் கோபித்துக்கொண்டு சிவக்கும், வீங்கும். அது தெரியாமல்தான் பலர் பயந்து திரும்பவும் அதையே தடவுகிறார்கள். அந்த வாரங்களில் நான் மேலே சொன்ன ஒரு சொம்புத் தண்ணீரும், மிருதுவான கழுவலும், ஒற்றி எடுப்பதும் உனக்கு ஆறுதலாக இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் வாயால் ஒரு தடவை அவரும் கேட்கட்டும். முகம் ஆறின பிறகு, டாக்டர் சரி என்றால் அந்தக் கன்னப் பரீட்சையை 14 நாள் செய்து பார்த்து, எந்தப் பக்கம் ஜெயித்தது என்று எனக்கு ஒரு கார்டு எழுது.